தோன்றா எழுவாய்

பதினேழு கறுப்புக் கட்டங்கள்.
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெயர்,
விதைத்த பாத்தியில் குத்திய சீட்டுபோல.
காலை வணக்கம் சொல்கிறேன்.
கிணற்றில் போட்ட கல்.

மடவாஸ்காவில் ஏப்ரலிலும் பனி.
சமையலறை மேசையில் பாதி எனக்கு.
மறுபாதியில் கணவன்
பனிவண்டியின் கார்புரேட்டரைப் பிரித்துப் பரப்பியிருக்கிறான்.
பதினோராம் வகுப்பு ஆங்கிலம்
இப்போதைக்கு இவ்வளவுதான்.

பாடப்புத்தகங்கள் பள்ளிக்குள் பூட்டிக் கிடக்க,
வீட்டில் இருப்பதை எழுதச் சொன்னேன்.
முதல் வாரம்:
உங்கள் வீட்டில் மியூட் செய்ய முடியாத ஒன்றைப்
பேட்டி எடுங்கள்.

பிரியெல் டெய்கிள் உறைபெட்டியைப் பேட்டி எடுத்தாள்.
"உங்களுக்குள் என்ன இருக்கிறது?"
"அரை மான். மீதி அரையை மாமா கொண்டுபோனார்."
"எதற்காவது பயப்படுவீர்களா?"
"கரண்ட் போவதற்கு."
நான் சிரித்த சிரிப்பில்
கணவன் ஒரு திருகாணியைத் தொலைத்தான்.

இரண்டாம் வாரம், கடை ரசீதைக் கதையாக்கு.
கேம்டன் மிஷோ ஒரே வாக்கியம் அனுப்பினான்:
ஈஸ்ட் இல்லை, ஈஸ்ட் இல்லை, ஈஸ்ட் இல்லை,
பிறகு அம்மா கேட்பதை விட்டுவிட்டாள்.
கமாக்கள் எல்லாம் சரியாக இருந்தன.

நாய் எழுதும் நாட்குறிப்பில்
எழுத்துப்பிழை இருக்கலாமா என்று கேட்டாள் ஜோலீன்.
இருக்கலாம் என்றேன்.
இல்லாமலே எழுதியது நாய்.

எமெட் லிசோட் எதுவும் அனுப்பவில்லை.
நான்கு வாரம், நான்கு பூஜ்யம்.
கேமராவைப் போடு, எமெட்.
மைக்கையாவது போடு.

செப்டம்பரில், பலகை இருந்த காலத்தில்,
அதில் எழுதிக் காட்டியிருந்தேன்:
வா. போ. உட்கார்.
ஏவலில் எழுவாய் கண்ணுக்குத் தெரியாது,
ஆனால் இருக்கும். யார் அது?
கடைசி வரிசையிலிருந்து அவன்தான் சொன்னான்:
"வேற யாரு, நான்தான்.
எப்பவும் என்னைத்தானே சொல்றீங்க."

ஐந்தாம் வாரம் எழுத்தே வேண்டாம் என்றேன்.
ஒரு நிமிட ஒலி.
பேசக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது,
நீங்கள் இருக்கும் இடம் எனக்குத் தெரிய வேண்டும்.
வாஷிங் மெஷின் வந்தது. தம்பியின் தும்மல்.
மூன்று பேர் வீட்டில் ஒரே செய்தி வாசிப்பாளர்.

இரவு பதினொன்று நாற்பதுக்கு எமெட்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.
வண்டியின் ஹீட்டர், அதற்குள் எங்கோ தளர்ந்த ஒரு தகடு.
நூலகத்தின் பின்புறம் நிறுத்தியிருக்கிறான்.
கதவு பூட்டியிருந்தாலும் அங்கே வைஃபை கசியும்.
கண்ணாடி இறங்குகிறது.
ஆற்றில் பனிப்பாளம் ஒன்று
இன்னொன்றின்மேல் ஏறி முனகுகிறது.
பிறகு ஹாரன், இரண்டு முறை.
பிறகு எதுவுமில்லை.
பதிவு நின்றுவிட்டதோ என்று பார்த்தேன்.
நாற்பத்தெட்டாம் விநாடி:
வெகு தூரத்தில், வேறு குரலில்,
இரண்டு முறை.

அக்கரை எட்மன்ஸ்டன், கனடா.
மார்ச்சிலிருந்து பாலம் மூடிக் கிடக்கிறது.
அந்தப் பக்கத்து ஆலையிலிருந்து
இந்தப் பக்கத்து ஆலைக்கு
ஆற்றைத் தாண்டிக் குழாயில்
காகிதக் கூழ் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.
அந்த ஆலையில் அவன் அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட்.

மதிப்பெண் அட்டவணையைத் திறந்தேன்.
தெளிவு, பத்துக்கு.
கட்டமைப்பு, பத்துக்கு.
நிறுத்தற்குறிகள், பத்துக்கு.
அந்த நடு இடைவெளியை எதில் போடுவது?
அரைப்புள்ளி என்று தோன்றியது,
பிறகு அப்படி யோசித்ததற்கே வெட்கமாக இருந்தது.

இப்படி எழுதி அனுப்பினேன்:
ஓர் இடம்தான் கேட்டேன்.
நீ இரண்டு இடம் அனுப்பியிருக்கிறாய்.

பன்னிரண்டு ஐந்துக்குப் பதில்:
அதுக்கு மார்க் கொறையுமா?

குறையாது என்றேன்.
பெட்ரோல் தீரும், குளிர்கிறது,
வீட்டுக்குப் போ என்றேன்.

சரி என்றான்.
எந்த வீட்டுக்கு என்று கேட்கவில்லை.